கணினி வந்தது, கையெழுத்து போகவில்லை

இணையத்தில் விண்ணப்பிக்கிறோம். விவரங்களைத் தட்டுகிறோம், சான்றுகளை ஸ்கேன் செய்து ஏற்றுகிறோம், கட்டணத்தையும் கட்டிவிடுகிறோம். கடைசியில் திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது: விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, அசல் சான்றுகளுடன் நேரில் வரவும். போனால், அங்கே ஒருவர் நம் காகிதத்தைப் பார்த்து அதே விவரங்களை வேறொரு கணினியில் மறுபடியும் தட்டுகிறார். பக்கத்தில் தடித்த பதிவேடு ஒன்று. அதிலும் ஒரு வரி எழுதுகிறார். முன்பு ஒரு வேலை, இப்போது மூன்று.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஊழியர்களுக்குக் கணினி தெரியவில்லை. இல்லாவிட்டால் மென்பொருள் மட்டம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கணினியில் கைதேர்ந்த ஆட்களும் விலை உயர்ந்த மென்பொருளும் உள்ள பெரிய தனியார் நிறுவனங்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதிலுமே நடந்திருக்கிறது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987-ல் ஒரு நூல் மதிப்புரையில் இதைப் போகிற போக்கில் குத்திக்காட்டினார். திரும்பிய பக்கமெல்லாம் கணினி தெரிகிறது, உற்பத்தித்திறன் கணக்கில் மட்டும் அதைக் காணோம் என்பது அவர் சொன்னதன் சாரம். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உற்பத்தித்திறன் என்பது ஒரு மணி நேர உழைப்பில் எவ்வளவு பொருளோ சேவையோ விளைகிறது என்ற கணக்கு. அமெரிக்காவில் 1973 வாக்கில் அதன் வளர்ச்சி தளர்ந்தது. கம்பெனிகள் கணினிகளை வாங்கிக் குவித்ததும் அதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான். அப்படியானால் போட்ட பணம் எங்கே போயிற்று? ‘சோலோ புதிர்’ என்று இதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

மோட்டார் வந்தும் மாறாத ஆலைகள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் இந்தப் புதிருக்கு விடை தேடிப் பழைய சரித்திரத்தைப் புரட்டினார். அவர் கட்டுரை 1990-ல் வெளிவந்தது. தாமஸ் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையத்தைத் தொடங்கியது 1882-ல். ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் மின்சாரத்தால் எகிறியது 1920-களில். இடையில் நாற்பது ஆண்டுகள் என்ன நடந்தது?

நீராவிக் காலத்து ஆலையில் ஒரே ஒரு பெரிய எஞ்சின் இருக்கும். கூரையை ஒட்டி ஓடும் நீண்ட இரும்புத் தண்டை அது சுழற்றும். தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டும். தண்டு நீள நீளச் சக்தி வீணாகும் என்பதால் ஆலையை மாடிமேல் மாடியாகக் கட்டி, இயந்திரங்களைத் தண்டுக்குப் பக்கத்தில் நெருக்கி வைத்தார்கள். எந்த வேலைக்கு அடுத்து எந்த வேலை என்று யாரும் பார்க்கவில்லை. தண்டு எங்கே ஓடுகிறதோ அங்கே இயந்திரம். மின்சாரம் வந்ததும் முதலாளிகள் பலர் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரைப் பொருத்தினார்கள். தண்டும் பெல்ட்டும் அப்படியே இருந்தன. எரிபொருளில் கொஞ்சம் மிச்சமானது, அவ்வளவுதான்.

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனியே சின்ன மோட்டார் வைக்கலாம் என்று ஆன பிறகுதான் நிலைமை மாறியது. தண்டே தேவையில்லை, எந்த இயந்திரத்தையும் எங்கும் வைக்கலாம். ஒரே தளத்தில், மூலப்பொருள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் சரக்காக வெளிவரும்படி வரிசைப்படுத்தலாம். ஒன்று பழுதானால் மற்றவை நிற்க வேண்டியதில்லை. இதற்குப் புதுக் கட்டடம், புது வேலைமுறை, அப்படி யோசிக்கத் தெரிந்த புதுப் பொறியாளர்கள் எல்லாம் வேண்டும். அந்த நாற்பது ஆண்டுகள் அதற்குத்தான் பிடித்தன. கணினியும் இதே பாதையில்தான் வருகிறது என்றார் டேவிட். மேசை மேசையாக நகர்ந்த கோப்பை அதே மேசைகள் வழியாகத் திரையில் நகர்த்தினால், எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டாரைப் பொருத்திய கணக்குதான்.

பொருளாதார அறிஞர் எரிக் பிரினியல்ஃப்சனும் அவருடைய சகாக்களும் 1990-களில் ஒரு மருத்துவப் பொருள் ஆலையில் இதை நேரிலேயே கண்டார்கள். நிறுவனத்தின் உண்மைப் பெயரை மறைத்து ‘மேக்ரோமெட்’ என்று கட்டுரையில் எழுதினார்கள். அந்த ஆலை கணினியால் இயங்கும் புது இயந்திரங்களை வாங்கியிருந்தது. ஒரு ரகத்திலிருந்து இன்னொரு ரகத்துக்குச் சட்டென்று மாற முடியும் என்பதுதான் அவற்றின் சிறப்பு. ஆர்டருக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரிக்கலாம். கிடங்கில் சரக்கு தேங்காது. ஆனால் ரகம் மாற்ற இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டுவதே கெட்டிக்காரத்தனம் என்று பல காலம் பழகியவர்கள், புது இயந்திரத்தையும் அப்படியே ஓட்டினார்கள். கிடங்கும் பழையபடி நிறைந்தது.

பிரினியல்ஃப்சனும் லோரின் ஹிட்டும் பல நூறு அமெரிக்க நிறுவனங்களின் கணக்குகளை அலசியபோதும் இதே சித்திரம்தான் கிடைத்தது. கணினியோடு சேர்த்து வேலைமுறையையும் மாற்றி, ஆட்களைப் பயிற்றுவித்து, முடிவெடுக்கும் உரிமையைக் கீழே பகிர்ந்தளித்த நிறுவனங்கள் முன்னேறின. அந்த முன்னேற்றமும் ஓராண்டுக் கணக்கில் தெரிவதைவிட ஐந்து, ஏழு ஆண்டுக் கணக்கில் பல மடங்கு பெரிதாகத் தெரிந்தது. பயிற்சி, புதுப் பழக்கம், மாறிய பொறுப்புகள் எதற்கும் பில் கிடையாது. சொத்துக் கணக்கிலும் ஏறாது. இதைக் கண்ணுக்குத் தெரியாத முதலீடு எனலாம். முதலில் அதற்குச் செலவாகும், பலன் பின்னால்தான் வரும். அமெரிக்காவின் உற்பத்தித்திறன் வளர்ச்சி 1995-க்குப் பிறகுதான் மீண்டும் வேகம் பிடித்தது.

முடிவு மேலே ஏறுமா, கீழே இறங்குமா?

கணினி தகவலை மலிவாக்குகிறது. மலிவான தகவல் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நடுத்தரமான ஒரு ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். கல்லாவில் முதலாளி, அடுப்படியில் மாஸ்டர், மேசைகளுக்கு நடுவே சப்ளையர். நாலு இட்லி என்றால் சப்ளையரே முடித்துவிடுவார். ‘வெங்காயம் போடாமல் ரவா தோசை கிடைக்குமா?’ என்று கேட்டால் மாஸ்டரிடம் போவார். ‘சாம்பாரில் என்னவோ கிடந்தது, காசு தர மாட்டேன்’ என்று யாராவது எழுந்தால் விவகாரம் கல்லாவுக்கே போகும். அன்றாடச் சிக்கல் கீழேயே தீர்கிறது. அபூர்வமானது படியேறிப் போகிறது. பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் அமைகின்றன என்று பொருளாதார அறிஞர் லூயிஸ் கரிக்கானோ 2000-ல் ஒரு கோட்பாடாகவே எழுதினார். அதை அறிவுப் படிநிலை என்று சொல்லலாம். எல்லாருக்கும் எல்லாவற்றையும் கற்றுக்கொடுப்பது செலவு. ஒவ்வொன்றுக்கும் மேலே போய்க் கேட்டுக்கொண்டிருப்பதும் செலவு. இந்த இரண்டு செலவுகளுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம்தான் மேலதிகாரி.

இப்போது அந்த ஹோட்டலில் சப்ளையர் கையில் ஒரு டேப்லெட் கொடுக்கிறார்கள். எந்த மாவு எவ்வளவு மிச்சம், எந்தப் பண்டத்தில் என்னென்ன சேரும், எதை மாற்றித் தரலாம் எல்லாம் அதில் தெரிகிறது. அவர் மாஸ்டரிடம் ஓட வேண்டாம், தாமே பதில் சொல்லிவிடலாம். முடிவு ஒரு படி கீழே இறங்கிவிட்டது. டேப்லெட்டுக்குப் பதிலாக, முதலாளி வீட்டிலிருந்தே பார்க்கக் கேமராவும், எந்நேரமும் கேட்க ஒரு வாட்ஸ்அப் குழுவும் வந்தால்? வெங்காயம் போடாத தோசைக்கும் அவரையே கேட்பார்கள். கேட்காமல் செய்தால் ‘ஏன் என்னைக் கேட்கவில்லை?’ என்பார். முடிவு கல்லாவுக்கு ஏறிவிட்டது. இரண்டையும் நாம் ‘கம்ப்யூட்டர் போட்டாச்சு’ என்றுதான் சொல்கிறோம்.

நிக்கோலஸ் புளூம், கரிக்கானோ, ரஃபேல்லா சாடுன், ஜான் வான் ரீனன் ஆகிய நால்வரும் அமெரிக்க, ஐரோப்பிய உற்பத்தி நிறுவனங்களில் இதைச் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். சரக்கு, ஆர்டர், செலவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் ஈஆர்பி மென்பொருள் இருந்த நிறுவனங்களில் ஆலை மேலாளருக்கு அதிகச் சுதந்திரம் இருந்தது. வரைபடமும் உற்பத்தியும் கணினியில் நடந்த இடங்களில் தொழிலாளிக்கே அதிகச் சுதந்திரம். தலைமையகத்தோடு பேசிக்கொள்ள உதவும் உள்வலைப்பின்னல் வலுத்த இடங்களில் இருவர் சுதந்திரமும் குறைந்திருந்தது. விஷயத்தைத் தெரிந்துகொள்ள உதவும் கருவி அதிகாரத்தைப் பரப்புகிறது. மேலே கேட்க உதவும் கருவி அதிகாரத்தைக் குவிக்கிறது. இதில் எது நல்லது என்பது வேலையைப் பொறுத்தது. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் அல்லவா?

கணினியால்தான் என்று எப்படித் தெரியும்?

இந்தத் துறை ஆய்வாளர்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. நன்றாக நடக்கும் நிறுவனத்திடம்தான் கணினி வாங்கப் பணம் இருக்கும். கணினியால் நிறுவனம் செழித்ததா, செழித்ததால் கணினி வந்ததா? இதைப் பிரித்தறிய இரண்டு வழிகளைக் கையாண்டார்கள்.

ஒன்று, தானாக நடக்கும் ஒரு மாற்றத்தைப் பயன்படுத்திக்கொள்வது. பிரிட்டனில் உள்ள நிறுவனங்களைச் சில சமயம் அமெரிக்கக் கம்பெனிகள் விலைக்கு வாங்கும், சில சமயம் மற்ற நாட்டுக் கம்பெனிகள் வாங்கும். கட்டடமும் ஊரும் ஆட்களும் பெரும்பாலும் அதேதான். நிர்வாகம் மட்டும் கைமாறுகிறது. புளூம், சாடுன், வான் ரீனன் மூவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாங்கப்படுவதற்கு முன்பு இந்த இரண்டு வகை நிறுவனங்களுக்கும் கணினியிலிருந்து கிடைத்த பலனில் வித்தியாசம் இல்லை. வாங்கிய பிறகு, அமெரிக்கர் கைக்குப் போனவை அதே கணினிச் செலவில் அதிகப் பலன் எடுத்தன. ஆட்களைத் தேர்வது, பதவி உயர்வு கொடுப்பது, சரியாகச் செய்யாதவரை மாற்றுவது ஆகியவற்றில் இருந்த வேறுபாடுதான் இதற்குப் பெரும் காரணம் என்று கண்டார்கள்.

இரண்டாவது வழி, மருந்துகளைச் சோதிப்பதுபோல் குலுக்கல்முறையில் சோதிப்பது. இது மும்பைக்கு அருகே பருத்தித் துணி நெய்யும் ஆலைகளில் நடந்தது; சோதனைக்கு உட்பட்டவை 17 நிறுவனங்களின் 28 ஆலைகள். 2008-ல் தொடங்கிய இச்சோதனையில், குலுக்கலில் தேர்ந்த ஆலைகளுக்கு ஐந்து மாதம் இலவசமாக நிர்வாக ஆலோசனை தந்தார்கள். ஒப்பீட்டுக்கான ஆலைகளில் ஒரு மாதம் நிலவரத்தை மட்டும் ஆராய்ந்தார்கள். உள்ளே போனவர்கள் கண்ட காட்சி: பெயர்ச்சீட்டு இல்லாமல் குவிந்து கிடக்கும் நூல் மூட்டைகள், சில ஈரத்திலேயே, நடைபாதையில் இறைந்த கருவிகள். துணியில் பழுது வந்தால் உட்கார்ந்து சரிசெய்ய ஆட்கள் இருந்தார்கள். எந்தத் தறியில் எந்தப் பழுது அடிக்கடி வருகிறது என்று எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை.

ஆலோசகர்கள் 38 நடைமுறைகளைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் சாதாரணமானவை. பழுதுகளை வகை பிரித்துத் தினமும் பதிவது, அதை வைத்துக் கூடிப் பேசுவது, சரக்குக்குக் கணக்கு வைப்பது, தறிகளுக்கு முறைப்படி பராமரிப்பு. முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17% உயர்ந்தது.

நம் கதைக்கு வேண்டிய இரண்டு பலன்கள் தாமாக வந்தன. கணினியை வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை, ஆனாலும் அதன் பயன்பாடு கூடியது. தினசரிக் கணக்கு சேரச் சேர அதை அலசக் கணினி தேவைப்பட்டது. அடுத்து, முதலாளிகள் ஆலை மேலாளர்களிடம் கூடுதலாக முடிவுகளை விட்டார்கள். இந்த ஆலைகளில் ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாமாம். வெளியாள் கையாடிவிடுவார் என்ற பயம். அண்ணனும் தம்பியும் மகனும் எத்தனை பேரோ அத்தனை ஆலை. தினமும் எண்கள் கண்முன் வந்து நின்றதும், வெளி மேலாளரை நம்பி விடுவதில் ஆபத்து குறைந்தது. தகவல் இங்கே நம்பிக்கைக்கு முட்டுக்கொடுத்தது.

2017-ல் அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, புகுத்திய நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. மேலாளர் மாறிப்போனது, முதலாளிக்கு நேரம் இல்லாதது என்பவை முக்கியக் காரணங்கள். மிச்சப் பாதியே, ஒப்பீட்டு ஆலைகளைவிட இவற்றை முன்னால் வைத்திருக்கப் போதுமானதாக இருந்தது.

ஒரே மாவட்டம், ஒரே வகைக் கருவி, இரண்டு முடிவு

ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் நடந்த இரண்டு சோதனைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த விஷயம் பளிச்சென்று விளங்கும். சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியது. ஆசிரியர்கள் வராமல் போவது பெரிய பிரச்சினை. எஸ்தர் டூஃப்லோ, ரீமா ஹன்னா, ஸ்டீஃபன் ரயான் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் குலுக்கல்முறையில் சில பள்ளிகளுக்குக் கேமரா கொடுத்தார்கள். பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் ஆசிரியரையும் பிள்ளைகளையும் ஒரு மாணவர் படம் எடுக்க வேண்டும். தேதியும் நேரமும் படத்தில் பதிந்துவிடும், மாற்ற முடியாது. சம்பளம் அதைப் பொறுத்தது: மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் வந்தால் 1,000 ரூபாய், கூடுதலாக வரும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் அதிகம், குறையும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் பிடித்தம், எப்படியும் 500 ரூபாய்க்குக் குறையாது. கேமரா இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராத நாட்கள் 42%. கேமரா உள்ள பள்ளிகளில் அதில் பாதி, 21%. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்ந்தது.

அதே மாவட்டத்தில் அரசுத் துணைச் சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள். நேரத்தை முத்திரையிடும் இயந்திரம், கண்காணிப்பு நாள், வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். தொடக்கத்தில் வருகை நன்றாகக் கூடியது. சில மாதங்களில் மாவட்டச் சுகாதார நிர்வாகம் ‘விதிவிலக்கு நாட்கள்’ என்று தாராளமாக அனுமதிக்கத் தொடங்கியது. அந்த நாட்களில் வராவிட்டாலும் பிடித்தம் இல்லை. பதினாறு மாதம் கழித்துப் பார்த்தால் இயந்திரம் வைத்த நிலையங்களுக்கும் வைக்காதவற்றுக்கும் வித்தியாசமே இல்லை. இந்த ஆய்வை எழுதியவர்கள் அபிஜித் பானர்ஜி, டூஃப்லோ, ரேச்சல் கிளெனர்ஸ்டர். கருவி பொய் சொல்லவில்லை. யார் வரவில்லை என்று கடைசிவரை சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு நடவடிக்கை எடுக்கும் மனம்தான் மேலே இல்லாமல் போனது.

கேட்க மனம் இருந்தாலும் நேரம் இருக்க வேண்டும். முடிவெடுத்தலை ஆராய்ந்து 1978-ல் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், தகவல் பெருகப் பெருக அரிதாகிப் போவது மனிதக் கவனம்தான் என்று எச்சரித்திருந்தார். நாளைக்கு நாற்பது அறிக்கைகளைக் கொட்டும் மென்பொருள் எந்த அறிக்கையையும் படிக்கவிடாது. வழக்கத்துக்கு மாறாக நடந்த இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக் காட்டுவதுதான் நல்ல மென்பொருள்.

மனிதரைவிட இயந்திரத்தை நம்பிய அஞ்சலகம்

கணினி தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் அஞ்சல் துறையைவிடக் கொடிய உதாரணம் கிடையாது. அங்கே கிளை அஞ்சலகங்களைத் தனியார் ஒப்பந்தக்காரர்கள் நடத்துகிறார்கள். 1999 முதல் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருளை அவற்றில் பொருத்தினார்கள். கல்லாவில் இருக்கும் பணத்துக்கும் திரையில் தெரியும் கணக்குக்கும் பல கிளைகளில் இடித்தது. குறைந்த தொகையைக் கிளைக்காரர்தான் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். கட்டியவர்கள் கடனாளி ஆனார்கள். கட்ட முடியாதவர்கள்மேல் திருட்டு வழக்கும் மோசடி வழக்கும் பாய்ந்தன. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். உதவி எண்ணில் கூப்பிட்டவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே என்பதுதான்.

2019-ல் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது. 2024-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி அந்தத் தீர்ப்புகளை ரத்துசெய்தது. இதில் கவனிக்க வேண்டியது, தகவல் இல்லாமல் இந்த அநியாயம் நடக்கவில்லை. பிழைகளின் பட்டியல் ஃபுஜிட்சுவிடம் இருந்தது. ஊர் ஊராகக் கிளைக்காரர்கள் கதறியதும் தகவல்தான். அந்தத் தகவல் எந்த முடிவையும் மாற்ற வழி வைக்கப்படவில்லை. திரையில் தெரிந்த எண் மட்டும் மேலே ஏறியது. எண் தப்பு என்ற சொல் ஏறவில்லை.

ஆகவே ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ புதிய மென்பொருள் வருகிறது என்றால், அதன் வேகத்தையும் விலையையும் விசாரிப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடலாம். இது வந்த பிறகு, இதுவரை மேலே கேட்டுச் செய்த எந்த வேலையை யார் கேட்காமலே செய்யலாம்? இது காட்டும் எண் தப்பு என்று கீழே இருப்பவர் சொன்னால், அதைக் கேட்டு நிறுத்திப் பார்க்கும் அதிகாரம் யாரிடம்? முதல் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் போட்ட பணம் வீண். இரண்டாவதற்குப் பதில் இல்லாவிட்டால் வீணாவது பணம் மட்டுமல்ல. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் இப்போது வாசலுக்கு வரும் கருவிகள் தகவலைத் தருவதோடு நிற்காமல் முடிவையும் தாமே சொல்கின்றன. மென்பொருள் விற்க வருபவரால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடியாது. வாங்குகிற நிறுவனம்தான் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே.